பங்களா ரேடியேட்டர்: முன் ஹோல் சுடுது, பின் ரூமெல்லாம் வெறைக்குது, என்ன செய்யலாம்?

பங்களா_கேர்டேக்கர்

வணக்கம் எல்லாருக்கும். நுவரெலியாவுக்கு கிட்ட கந்தப்பளை பக்கம் 6000 அடிக்கு மேல ஒரு பழைய தொர (தோட்டத்து வெள்ளக்கார மேனேஜர்) பங்களாவ நான் பாத்துக்கிறேன், இப்ப கெஸ்ட் பங்களாவா ஓடுது. மொதலாளி ரொம்ப காலம் சுவிஸ்ல இருந்துட்டு வந்தவரு, அங்க மாதிரியே இங்கயும் வேணும்னு சென்ட்ரல் ஹீட்டிங் போட்டுருக்காரு. அதாவது சமையக்கட்டுக்கு பின்னால சுவத்துல ஒரு காஸ் பொயிலர், ஸ்டிக்கர்ல 24 கிலோவாட்னு இருக்கு, அதுலேருந்து சுடுதண்ணி பைப்புல போயி 9 ரேடியேட்டர சுத்திட்டு திரும்பி பொயிலருக்கே வரும். போட்டுக் குடுத்த பாஸ் (வேல செஞ்ச மேஸ்திரி) கொழும்புக்காரரு, கோல் எடுத்தா "காத்த வெளிய விடுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சிர்றாரு.

பிரச்சினை இதுதான். முன் ஹோல்ல இருக்குற ரெண்டு ரேடியேட்டரும் நல்ல சூடு, கைய ரொம்ப நேரம் வைக்க முடியாது. சாப்பாட்டு ரூம் பரவால்ல. பின்பக்கம் நாலு பெட்ரூம் இருக்கு, அதுல ரெண்டு வெதுவெதுப்போட சரி. மூணாவது ரூம்ல ரேடியேட்டர் கீழ சூடு மேல ஜில்லுன்னு இருக்கு, ஆகக் கடைசி ரூம்ல நேர்மாறா மேல சூடு கீழ சூடே இல்ல. இதெல்லாம் போக ராத்திரி 11, 12 மணிக்கு மேல பொயிலர் சொல்லாம கொள்ளாம நின்னுரும், சிவப்பு லைட்டு பத்தும், ரீசெட்ட அமத்துனா சில நேரம் பிடிக்கும் சில நேரம் பிடிக்காது, காலைல வெயில் ஏறுனதும் தன்னால சரியாயிருது.

போன கிழமை வந்த கெஸ்ட் ஒருத்தர் கோட்டோட படுத்து கோட்டோட எழும்பி, ரிவியூல ரெண்டு ஸ்டார் போட்டுட்டு போயிட்டாரு. டிசம்பர் புக்கிங் எல்லாம் நெறஞ்சிருக்கு, அதுக்கப்புறம் தை மாசி வெள்ளைப்பனி விழுற காலம். மொதலாளி "பொயிலர் சின்னது போல, 35 கிலோவாட் ஒன்ன போட்டுருவோமா"ன்னு கேக்குறாரு. அது சின்ன காசு இல்ல. தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க, மாத்துனா சரியாகுமா?

ஹட்டன்_மச்சான்

அண்ணே இவ்வளவு காச கொட்டுனதுக்கு ஆளுக்கு ரெண்டு கம்பளி வாங்கி குடுத்துருக்கலாம் 😄 நம்ம ஆளுக லயத்துல (தோட்டத்து வரிச வீட்ல) அடுப்பங்கரையிலயே குளுர ஓட்டிட்டாங்க.

சரி சீரியஸா சொல்றேன், நம்ம உயரத்துல தண்ணி 100 டிகிரில கொதிக்காது, நுவரெலியாவுல 94 கிட்டயே கொதிச்சிரும். பருப்பு வேக நேரம் எடுக்குற மாதிரிதான், ரேடியேட்டருக்கும் சூடு பத்தாது. வெள்ளக்கார நாட்டு சாமான் நம்ம மலைக்கு சரிவராது, அவ்வளவுதான்.

ராகலை_பிட்டர்

மச்சான் சொன்ன 94 கணக்கு சரி, ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ரேடியேட்டர்ல ஓடுற தண்ணி எந்தக் காலத்துலயும் கொதிக்கிற சூட்டுக்கு போகாது, 60, 70, மிஞ்சிப்போனா 80. அதுவும் இது மூடுன சிஸ்டம், உள்ள பிரஷர் இருக்கும்போது கொதிநிலையும் மேல ஏறிரும், 1 பார் பிரஷர் இருந்தா நம்ம உயரத்துலயும் 110ஐ தாண்டித்தான் கொதிக்கும். அத விடுங்க.

நான் தேயில பேக்டரில பிட்டர், ட்ரையருக்கு சூடு காத்து குடுக்குற ஃபர்னஸ்தான் என் பொழப்பு, ஆனா டவுன்ல ஒரு ஹோட்டல் ரேடியேட்டர் லைனையும் கொஞ்ச காலம் பாத்துருக்கேன். தம்பி சொன்னதுலயே பாதி பதில் இருக்கு. ரேடியேட்டர கையால தொட்டுப் பாத்தாலே அது கத சொல்லிரும். மேல ஜில் கீழ சூடுன்னா மேல காத்து அடச்சிருக்கு. மேல சூடு கீழ ஜில்னா அடியில துரு சேறு படிஞ்சிருக்கு, தண்ணி கீழ் பக்கம் ஓட வழியில்ல. கிட்ட இருக்குறது சுட்டு தூரத்துல இருக்குறது முழுசா வெதுவெதுன்னு இருந்தா தண்ணி பங்கு பிரிச்சு போகல. உங்க வீட்ல மூணும் இருக்கு. இதுல எதையும் 35 கிலோவாட் பொயிலர் சரி பண்ணாது.

எனக்கு சில விசயம் தெரியணும். பொயிலர்ல தண்ணி சூடு எத்தனைல வச்சிருக்கீங்க? பிரஷர் முள்ளு ஆறியிருக்கும்போது எங்க நிக்குது, சூடானப்புறம் எங்க போகுது? தண்ணி அடிக்கடி ஏத்துறீங்களா? ரூம் சூட்ட பாத்து பொயிலர நிப்பாட்டுற தெர்மோஸ்டட் எங்க மாட்டியிருக்கு? காஸ் எந்த சிலிண்டர், எத்தன? நடு ராத்திரி நிக்கும்போது சிலிண்டர தொட்டுப் பாத்தீங்களா?

பங்களா_கேர்டேக்கர்

நன்றி அண்ணே. எல்லாத்தையும் பாத்துட்டு எழுதுறேன்.

தண்ணி சூடு 55ல இருக்கு, காஸ் மிச்சம் பிடிக்கணும்னு மொதலாளி வச்சது. பிரஷர் ஆறியிருக்கும்போது 0.6 பார், நல்லா சூடானா 3 கிட்ட போயிருது, அந்நேரம் வெளிச்சுவத்துல இருக்குற சின்ன செப்பு பைப்புல சொட்டு சொட்டா தண்ணி வடியுது. அதனால கிழமைக்கு ஒருக்கா ஹோஸ் மாட்டி தண்ணி ஏத்துறோம், பீலி தண்ணிதான் (மலை ஊத்துலேருந்து வர்றது), டவுன் லைன் எங்களுக்கு இல்ல.

தெர்மோஸ்டட் முன் ஹோல்ல, ஃபயர்ப்ளேசுக்கு நேர் எதிர் சுவத்துல.

சிலிண்டர் ரெண்டு, வீட்டுக்கு எடுக்குற 12.5 கிலோ. ஒன்ன தொறந்து ஓட்டுவோம், முடிஞ்சா அடுத்தத தொறப்போம். ராத்திரி டோர்ச் எடுத்துட்டு போயி பாத்தேன், சிலிண்டரோட கீழ்ப்பகுதி வேர்த்து, அதுக்கு மேல வெள்ளையா பனி பூத்து இருந்துச்சு. நகத்தால சொரண்டுனா தூளா உதிருது. சமையக்காரர் சுடுதண்ணி ஊத்துனா பொயிலர் பிடிச்சுக்குதுன்னு சொல்றாரு.

பெட்ரூம் 18க்கு 15 அடி இருக்கும், சீலிங் 12 அடி. எல்லா ரூம்லயும் பழைய ஃபயர்ப்ளேஸ் இருக்கு, பெட்ரூம்ல பத்தவைக்கிறது இல்ல, ஹோல்ல மட்டுந்தான், கெஸ்ட்டுக்கு அது ஒரு ஆச.

லண்டன்_குழாய்க்காரன்

தம்பி, நான் யாழ்ப்பாணம், இஞ்ச லண்டனில காஸ் ஹீற்றிங் வேலைதான் செய்யிறன். மனிசியின்ர ஊர் ஹட்டன், அதால உங்கட குளிர் எனக்கு நல்லாத் தெரியும். வெளிய 8 பாகைதான் எண்டு மீற்றர் காட்டும், ஆனா இஞ்ச பனி கொட்டேக்க கூட வீட்டுக்குள்ள அப்பிடி நடுங்கினதில்ல. ஏனெண்டா இஞ்ச வீட்ட இறுக்கிப் பூட்டி வச்சிருப்பினம், அங்க பங்களா முழுக்க ஓட்டை.

முதல்ல தெர்மோஸ்ரற். உங்கட பின் அறைகள் குளிருறதுக்கு பெரிய காரணம் அதுதான் எண்டு எனக்குப் படுது. யோசிச்சுப் பாருங்கோ, பின்னேரம் கெஸ்ட் வந்து ஹோலில விறகு எரிக்கினம், எதிர்ச் சுவரில இருக்கிற தெர்மோஸ்ரற்றுக்கு நேர அனல் அடிக்குது, அது "வீடு சூடாயிட்டுது" எண்டு பொயிலர நிப்பாட்டுது, பின்னால நாலு அறைக்கும் சுடுதண்ணி போறதே இல்ல. கெஸ்ட் படுக்கப் போற நேரம் நெருப்பு அணைஞ்சு, பிறகுதான் பொயிலர் திரும்ப ஓடத் தொடங்கும், அந்த நேரம் சிலிண்டரும் உறைஞ்சிடும். நல்லா சோடி சேர்ந்திருக்கு ரெண்டும். தெர்மோஸ்ரற்ற கழட்டி பின் கொரிடோரில, இல்லாட்டி பெட்ரூம் ஒண்டில, ஆள் நெஞ்சு உயரத்தில, வெயிலும் படாத ரேடியேற்றருக்கு மேலயும் இல்லாத இடத்தில மாட்டுங்கோ. வயர் இழுக்கிறது கஷ்டமெண்டா வயர் இல்லாத வகையும் இருக்கு. அது இருக்கிற அறையில ரேடியேற்றர் வால்வ முழுசா திறந்து விடோணும், இல்லாட்டி ரெண்டும் ஒண்டோட ஒண்டு மல்லுக்கட்டும்.

அடுத்தது அந்த 55. ரேடியேற்றர் வாங்கேக்க இவ்வளவு வாட் தரும் எண்டு எழுதியிருப்பினம், அது தண்ணி 75ல போய் 65ஆத் திரும்பி, அறை 20ல இருக்கேக்க உள்ள கணக்கு. நீங்கள் 55ல விட்டா அதே ரேடியேற்றர் ஏறக்குறைய பாதிதான் தரும். 2 கிலோவாட் ரேடியேற்றர் ஒண்டு 1 கிலோவாட் தருது எண்டு வையுங்கோ. நீங்கள் சொன்ன அளவு அறைக்கு, கல்லுச் சுவர், ஒற்றைக் கண்ணாடி, பலகைச் சீலிங் எல்லாம் பாத்தா வெளிய 9 இருக்கேக்க உள்ள 19 வச்சிருக்க 2 கிலோவாட்டுக்கு மேல வேணும். பிறகென்னெண்டு சூடாகும்? 70க்கு ஏத்துங்கோ. காஸ் மிச்சம் பிடிக்கிறது வேற வழியால பிடிக்கலாம்.

பொயிலர் போதுமோ எண்ட கேள்விக்கும் இதுக்குள்ளயே பதில் இருக்கு. 9 ரேடியேற்றர் 2 கிலோவாட் படி போட்டாலும் 18. உயரத்தில காத்து ஐதெண்டபடியால் பொயிலர் பலகையில எழுதின அளவு தராது எண்டது உண்மைதான், அமெரிக்காவில சாதாரண பேர்ணருக்கு 1000 அடிக்கு 4 வீதம் கழிக்கிற ஒரு பழைய கணக்கு இருக்கு, அந்தக் கணக்கில பாத்தாலும் உங்கட 24 ஒரு 18 தரும். உங்கட பொயிலரின்ர புத்தகத்தில உயரத்துக்கு ஒரு அட்டவணை இருக்கும், அதையும் பாருங்கோ, செட்டிங் மாத்தச் சொல்லியிருந்தா அத காஸ் வேலை தெரிஞ்ச ஆள்தான் செய்யோணும். எப்பிடியும் 35 தேவையில்ல.

பங்கு பிரிக்கிற விசயம். ஒவ்வொரு ரேடியேற்றரிலயும் ரெண்டு வால்வு இருக்கும், ஒண்டு நீங்கள் திருப்புற நம்பர் போட்டது, மற்றப் பக்கம் மூடி போட்ட ஒண்டு, அத ஸ்பேனரால திருப்போணும். தண்ணி லேசான வழியாலதான் திரும்பி ஓடும், அதால ஹோலில ரெண்டும் எல்லாத் தண்ணியையும் எடுத்துக் கொண்டு விடுது. பின் அறை எல்லாத்தையும் முழுசா திறவுங்கோ. ஹோல் ரெண்டையும் முழுசா மூடிப்போட்டு பிறகு கால் சுத்து, அரைச் சுத்து மட்டும் திறவுங்கோ. போற பைப்புக்கும் வாற பைப்புக்கும் 10, 15 பாகை வித்தியாசம் எல்லாத்திலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வரும் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா மாத்தோணும். அந்தத் துவக்கு மாதிரி இருக்கிற வெப்பமானியால பாக்கிறதெண்டா வெறும் செப்புப் பைப்பில அடிச்சுப் பாக்காதேங்கோ, மினுங்கிற உலோகத்தில அது பிழையாக் காட்டும், கறுப்பு இன்சுலேசன் ரேப் ஒரு சுத்து சுத்திப்போட்டு அதில பாருங்கோ. அவசரப்பட்டு செய்யிற வேலை இல்ல, ஒருக்கா திருப்பினா அரை மணித்தியாலம் விட்டுத்தான் அடுத்தது.

பிரஷர் விசயத்துக்கு பிறகு வாறன், இப்ப ஒரு வேலைக்கு போகோணும்.

நானுஓயா_அக்கா

தம்பி எனக்கு ரேடியேட்டர பத்தி ஒன்னும் தெரியாது, எங்க சின்ன கெஸ்ட் ஹவுஸ்ல ஃபயர்ப்ளேசும் சுடுதண்ணி பேக்கும் மட்டுந்தான். ஆனா ஓட்டைய பத்தி தெரியும்.

உங்க பெட்ரூம்ல பத்தவைக்காத ஃபயர்ப்ளேஸ் இருக்குன்னீங்கல்ல, ஒரு ஊதுபத்திய கொளுத்தி அதோட வாய்கிட்ட பிடிச்சுப் பாருங்க. நான் பிடிச்சப்ப புகை நேரா நிக்கவே இல்ல, படுத்து வளைஞ்சு சர்ருன்னு உள்ள போயி சிம்னிக்குள்ள ஏறிருச்சு. ரூம்ல எவ்வளவு சூடு பண்ணாலும் அந்த வழியா வானத்துக்கு போகுது, அதுக்கு பதிலா கதவுக்கு அடியிலயும் ஜன்னல் சந்துலயும் வெளிக்குளிரு உள்ள வருது. தொரமார் காலத்துல பகலும் ராவும் வெறகு எரிச்சாங்க, கட்டுனதும் அதுக்குத்தான். நான் என்ன பண்ணேன்னா பழைய சிம்னியோட கழுத்துல தகரத் தட்டி இருந்துச்சு, துருப்பிடிச்சு தொறந்தே கெடந்தத எண்ணெய் போட்டு மூட வச்சேன். தட்டி இல்லாத ரூமுக்கு பிளைவுட் வெட்டி வாய்க்கு அடச்சு, ஒரு செவப்பு துணிய வெளிய தெரியுற மாதிரி தொங்க விட்டேன், யாராச்சும் மறந்து பத்த வச்சா வீடு முழுக்க புகை. ஹோல்ல நெருப்பு எரியுறதுக்கு மட்டும் காத்து வரணும், அத இறுக்கி அடச்சிராதீங்க.

கர்ட்டன் தரை வரைக்கும் தொங்குதா? ரேடியேட்டர் ஜன்னலுக்கு கீழதான இருக்கும், கர்ட்டன் அத மூடிருச்சுன்னா சூடெல்லாம் கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவுல ஏறி வீணாப் போகும். ஜன்னல் பலகை உயரத்துக்கு வெட்டி தச்சிருங்க. நாலு பேர் நல்லாருக்குன்னு சொல்றதுக்காக ரேடியேட்டர மரப்பெட்டி போட்டு மூடுறதும் உண்டு, அப்பிடி இருந்தா கழட்டிருங்க.

இன்னொன்னு, எத்தன மணிக்கு போடுறீங்க? கல்லு சுவரு ஒரு நாள் பூரா குளுந்து போயி கெடக்கும், கெஸ்ட் ஏழு மணிக்கு நடுங்கிட்டே கேக்கும்போது போட்டா ரா பத்தானாலும் சுவரு சூடாகாது. பின்னேரம் மூணுக்கே போட்டுருங்க.

ஒன்ன கட்டாயம் சொல்லணும், ரேடியேட்டர் சூடாகலன்னு கரிச்சட்டிய ரூமுக்குள்ள வச்சுக் குடுக்குற பழக்கம் நம்ம பக்கம் இருக்கு. கெஸ்ட் கெஞ்சுனாலும் குடுக்காதீங்க. கதவ சாத்திட்டு தூங்குனா கார்பன் மொனொக்சைட்ல ஆள் எழும்பவே மாட்டாங்க, அதுக்கு வாசமும் இல்ல, புகையும் தெரியாது. காஸ் பொயிலர் இருக்குற வீட்டுக்கும் அதுக்குன்னு விக்கிற அலாரம் ஒன்னு மாட்டிருங்க.

ராகலை_பிட்டர்

அக்கா சொன்ன ஊதுபத்தி வேல நல்லாருக்கு, பேக்டரில காத்து லீக் பாக்க நாங்களும் புகைதான் பிடிப்போம்.

நான் காஸ் பத்தி மட்டும் சொல்றேன், தம்பியோட நடு ராத்திரி பிரச்சினை முழுக்க அங்கதான் இருக்கு. சிலிண்டர்ல இருக்குறது தண்ணியா இருக்குற காஸ், அது ஆவியானாதான் பைப்புல வரும். ஆவியாகுறதுக்கு சூடு வேணும், அந்த சூட்ட சிலிண்டர் தன்னோட ஒடம்புல இருந்தும் சுத்தியிருக்குற காத்துல இருந்தும் எடுக்குது. குசினி அடுப்புக்கு கொஞ்சமா எடுக்கும்போது ஒன்னும் தெரியாது. 24 கிலோவாட் பொயிலர் முழுசா எரிஞ்சா மணிக்கு 2 கிலோ கிட்ட குடிக்கும், வெளிய 8 டிகிரில ஒரு சின்ன சிலிண்டரால அவ்வளவு ஆவி குடுக்க முடியாது, தன்னத்தானே குளுர வச்சுக்கிட்டு பிரஷர் விழுந்துரும், அதான் அந்த வெள்ளைப் பனி. பொயிலர் காஸ் பத்தலன்னு பாத்து லொக் ஆகுது, அதாவது தன்னால நின்னு சிவப்பு லைட்ட போடுது.

இன்னொரு விசயம், நம்ம காஸ்ல புரொப்பேனும் பியூட்டேனும் கலந்து வருது. புரொப்பேன் மைனஸ் 42லயே ஆவியாகும், பியூட்டேன் பூச்சியத்துக்கு கிட்ட வந்தா ஆவியாகாது. சிலிண்டர்ல இருந்து மொதல்ல புரொப்பேன்தான் அதிகமா போகும், கடைசில மிச்சமிருக்குறது பெரும்பாலும் பியூட்டேன். அதனாலதான் பாதி காலியான சிலிண்டர் நுவரெலியா குளுருல இன்னும் மோசமா நடக்கும், ஆட்டிப் பாத்தா உள்ள காஸ் இருக்கும் ஆனா வராது.

என்ன செய்யலாம்னா, மொதல்ல ரெண்டு சிலிண்டரையும் ஒன்னா தொறந்து ஓட விடுங்க, ஒன்னு முடிஞ்சு ஒன்னு இல்ல. அப்ப ஒவ்வொன்னும் பாதிதான் குடுக்கணும். நெரந்தரமா செய்யுறதுன்னா ஹோட்டலுக்கு எடுக்குற 37.5 கிலோ சிலிண்டர் ரெண்டு மூண ஒரே மேனிஃபோல்ட்ல (எல்லா சிலிண்டரையும் சேக்குற பைப்புல) மாட்டணும், ஒடம்பு பெருசா இருந்தா சூடு எடுக்குற பரப்பும் பெருசு. ரெகுலேட்டரையும் பாருங்க, அடுப்புக்கு போடுற சின்ன ரெகுலேட்டர்ல மணிக்கு எத்தன கிலோ விடும்னு பொறிச்சிருக்கும், அது 2க்கு கீழ இருந்தா பொயிலர் எப்பிடி முழுசா எரியும்? இத செய்றதுக்கு காஸ் ஏஜென்ட் அனுப்புற ஆள கூப்பிடுங்க, நாமளா ஹோஸ் மாட்டி ஜொய்ன்ட் போடுற வேல வேணாம்.

சமையக்காரர்கிட்ட சுடுதண்ணி ஊத்துறத நிப்பாட்டச் சொல்லுங்க. கொதிதண்ணி ஊத்துனா உள்ள பிரஷர் எகிறும். சிலிண்டர வீட்டுக்குள்ள கொண்டு வந்து வைக்கிற யோசனையும் வேணாம், காஸ் காத்த விட பாரம், லீக்கானா தரையோட போயி பள்ளத்துல தேங்கிரும். வெளியிலயே காத்தோட்டமா, மழ படாம ஒரு கூர போட்டா போதும்.

இப்ப 35 கிலோவாட் போட்டா என்ன ஆகும்னு மொதலாளிக்கு சொல்லுங்க. அது மணிக்கு 3 கிலோ கிட்ட கேக்கும். இதே சிலிண்டர்ல 11 மணிக்கு நிக்கிறது 9 மணிக்கே நின்னுரும்.

ஹட்டன்_மச்சான்

சரி பருப்பு தியரிய வாபஸ் வாங்கிட்டேன் 😄 ஒரு சந்தேகம், ஏசில ஹீட் மோட் இருக்குல்ல, ரூமுக்கு ஒன்னு மாட்டுனா இந்தத் தலைவலியே இல்லயே?

ராகலை_பிட்டர்

நம்ம நாட்டுல விக்கிற ஏசில நெறைய குளுர் மட்டும் குடுக்குறது, ஹீட் உள்ளதான்னு கேட்டு வாங்கணும். உள்ளத வாங்குனா நம்ம குளுருக்கு நல்லாவே வேல செய்யும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா மலையில மழைக்காலத்துல கரண்ட் போனா என்ன செய்வீங்க? பொயிலருக்கும் பம்ப்புக்கும் கரண்ட் வேணுந்தான், ஆனா அது சின்ன ஜெனரேட்டர்ல ஓடும். போட்டு வச்ச சாமான மொதல்ல ஒழுங்கா ஓட வைப்போம்.

பங்களா_கேர்டேக்கர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நெறைய செஞ்சாச்சு.

தெர்மோஸ்டட்ட எலெக்ட்ரிசியன் பின் கொரிடோருக்கு மாத்திக் குடுத்தாரு. தண்ணி 70ல வச்சிருக்கு. மூணாவது ரூம் ரேடியேட்டர்ல காத்த விட்டேன், பம்ப்ப நிப்பாட்டிட்டு சாவிய கால் சுத்து திருப்புனதும் ஸ்ஸ்ஸ்னு ரொம்ப நேரம் காத்து வந்துச்சு, அப்புறம் வந்த தண்ணி சாயத்தண்ணி இல்ல, கருப்பு மை. துணில பட்டது இன்னும் போகல. ஆனா ரேடியேட்டர் இப்ப மேல வரைக்கும் சூடு. ஹோல் ரெண்டையும் அண்ணன் சொன்ன மாதிரி கொஞ்சமா மட்டும் தொறந்து வச்சிருக்கேன், பின் ரூம் ரெண்டுலயும் இப்ப நல்ல சூடு வருது. சிம்னிக்கு பிளைவுட் அடச்சாச்சு, செவப்பு துணியோட. மூணு மணிக்கு போட்டா ராத்திரி ஒம்பது மணிக்கு பின் ரூம்ல 18 காட்டுது, முன்னாடி அந்நேரத்துக்கு 13, 14தான் இருக்கும். சிலிண்டர் ரெண்டையும் ஒன்னா தொறந்து விட்டதுல நடு ராத்திரி நிக்கிறது கொறஞ்சிருக்கு, ஆனா சிலிண்டர் பாதிக்கு கீழ வந்தா இன்னும் நிக்குது, 37.5க்கு சொல்லியிருக்கு.

மிச்சமிருக்குறது மூணு. கடைசி ரூம் ரேடியேட்டர் கீழ் பாதி இன்னும் ஜில். பிரஷர் இன்னமும் 0.6க்கும் 3க்கும் நடுவுல ஆடுது. மூணாவது ரூம்ல காத்து மறுபடியும் சேருது, விட விட வருது.

லண்டன்_குழாய்க்காரன்

நல்லது தம்பி, இனி பிரஷர். பொயிலருக்குள்ள ஒரு எக்ஸ்பான்சன் வெசல் இருக்கும், வட்டமா சிவப்பு நிறத்தில தட்டையான டாங்கி. உள்ளுக்க நடுவில றப்பர் தடுப்பு, ஒரு பக்கம் தண்ணி, மற்றப் பக்கம் காத்து. தண்ணி சூடாகி விரியேக்க அந்தக் காத்து சுருங்கி இடம் விடும். உங்கடதில காத்து போயிட்டுது, விரியிற தண்ணிக்கு இடமில்ல, பிரஷர் 3க்கு பாயுது, பாதுகாப்பு வால்வு வெளிய துப்புது, ஆறினதும் அந்தத் தண்ணி குறைஞ்சு 0.6. நீங்கள் திரும்ப பீலித் தண்ணி ஏத்துறியள்.

அந்த ஏத்துறதுதான் கடைசி அறை ரேடியேற்றர அடைச்சது. புதுத் தண்ணியில ஒக்சிசன் கரைஞ்சிருக்கு, ஒவ்வொரு முறையும் உள்ள இரும்ப துருப்பிடிக்க வைக்கும், நீங்கள் பாத்த கறுப்பு மை அந்தத் துருதான். ஏத்தாம விட்டா உள்ள இருக்கிற ஒக்சிசன் முடிஞ்சு துருவும் நிண்டிடும். எங்கட யாழ்ப்பாணத்துத் தண்ணி எண்டா கேத்திலில சுண்ணாம்பு தடிப்பா ஒட்டும், உங்கட மலைத் தண்ணி மென்மை, சுண்ணாம்புத் தொல்லை பெரிசா இல்ல, ஆனா துரு விசயத்தில அது நல்ல பிள்ளை இல்ல. மூண்டாவது அறையில விட விட வாறதும் வெறும் காத்தா இருக்காது, துருப்பிடிக்கேக்க ஐதரசனும் வரும். அத விடேக்க கிட்ட சிகரெட், நெருப்பு வேண்டாம்.

வெசலுக்கு சைக்கிள் ரயருக்கு இருக்கிற மாதிரியே ஒரு வால்வு இருக்கும். பொயிலர நிப்பாட்டி நல்லா ஆற விட்டு, அந்த ஊசிய ஒருக்கா அமத்திப் பாருங்கோ. தண்ணி வந்தா உள்ள றப்பர் கிழிஞ்சிட்டுது, வெசல் மாத்தோணும், வேற வழியில்ல. காத்து வந்தாலோ ஒண்டுமே வராட்டியோ தண்ணிப் பக்கத்து பிரஷர வடிகால் வால்வால பூச்சியத்துக்கு இறக்கி, அது திறந்திருக்கேக்கயே பம்பால 0.8, 1 பார் வரைக்கும் காத்தடியுங்கோ. தண்ணி பிரஷர் இருக்கேக்க அடிச்சா அளவு பிழைக்கும். பிறகு வடிகால மூடி தண்ணிய 1.2க்கு ஏத்துங்கோ. சூடானாப் பிறகு 2க்கு கிட்ட நிக்கோணும், அதுக்கு மேல போகக் கூடாது. அப்பிடியும் ஆறினாப் பிறகு குறையுதெண்டா எங்கயோ ஒழுக்கு இருக்கு, பலகைத் தரைக்கு கீழ போற பைப்புகளையும், துப்பித் துப்பி இறுகாமப் போன அந்தப் பாதுகாப்பு வால்வையும் பாருங்கோ.

கடைசி அறை ரேடியேற்றர கழட்டி வெளிய கொண்டு போய் ஹோசால அடிச்சுக் கழுவோணும். எல்லாம் முடிஞ்சு தண்ணி நிரப்பேக்க இன்ஹிபிட்டர் எண்டு துருத் தடுக்கிற மருந்து ஒரு போத்தல் விடுங்கோ, பொயிலருக்கு திரும்பி வாற பைப்பில காந்த ஃபில்டர் ஒண்டும் போட்டா பம்ப்புக்கும் நல்லது.

பங்களா_கேர்டேக்கர்

ரேடியேட்டர கழட்டுறதுதான் பயமா இருக்கு அண்ணே, பலகைத் தரை, மேல மொதலாளியோட கார்ப்பெட்டு. பாஸ் இன்னும் கோல் எடுக்கல.

ராகலை_பிட்டர்

பயப்பட ஒன்னும் இல்ல. ரெண்டு பக்க வால்வையும் முழுசா மூடணும், அந்த மூடி போட்டத எத்தன சுத்துல மூடுனீங்கன்னு எழுதி வச்சுக்கோங்க, திருப்பி அதே அளவு தொறக்கணும். கார்ப்பெட்ட சுருட்டி அடுத்த ரூமுக்கு எடுத்துருங்க, பேப்பர் விரிச்சா பத்தாது. நட்டுக்கு கீழ தட்டையான தட்டு ஒன்னு வச்சு, மேல காத்து விடுற சாவிய தொறந்தா தண்ணி மெதுவா எறங்கும், அப்பப்ப வாளில ஊத்திட்டே இருக்கணும். கடைசில சேறு அடியிலயே நிக்கும், தூக்கும்போது சாய்ச்சிராம ரெண்டு பேர் தூக்கணும், நல்ல பாரம். அந்தத் தண்ணிய ரோசாச் செடிக்கு ஊத்திராதீங்க.

ஞாயித்துக்கெழம கெஸ்ட் இல்லாட்டி சொல்லுங்க, ஸ்பேனர் செட்டோட நான் ராகலையில இருந்து பஸ் ஏறுறேன். வெசலுக்கு காத்தடிக்க கால் பம்ப் நீங்க தேடி வைங்க, முள்ளு உள்ளதா.

பங்களா_கேர்டேக்கர்

சனி ரா இருக்குறவங்க காலைல பத்துக்கு போயிருவாங்க. நீங்க பதினொன்னுக்கு வாங்கண்ணே, பம்ப் டிரைவர்கிட்ட இருக்கு, பகல் சாப்பாடு நம்மகிட்ட.